பிடிமண் தராத சாமி

பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று ரெண்டு பேர் முட்டிக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆள் ஒரு வாக்கியம் சொல்வார்: "இதெல்லாம் ஒரு மதம் மாதிரி ஆயிட்டுடே." சொல்லிவிட்டு ரெண்டு பேரையும் விட ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார். பப்ஜி–ஃப்ரீ ஃபயர் சண்டைக்கும் இதே வாக்கியம்தான். ஐபோன்–ஆண்ட்ராய்டு சண்டைக்கும் இதேதான். கம்பெனி கடவுளாம், ரசிகர்கள் பக்தர்களாம், விளம்பரம் வேதமாம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளுக்கு எதிரானது. அவர் சொல்வது ரசிகனுக்கும் அவமானம், சாமி கும்பிடுகிறவனுக்கும் அவமானம். அதனால் லாபம் அடைவது கம்பெனி மட்டும்தான். 'மதம்' என்று சொன்ன உடனே பிரச்சினை ரசிகனின் மண்டைக்குள் இருப்பதாக ஆகிவிடுகிறது. அவனுக்குக் கண்மூடித்தனம், அவனுக்குப் பகுத்தறிவு இல்லை. கம்பெனி அவனிடம் என்ன வாங்கியது, என்ன கொடுத்தது, எதைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை.

ஒப்புமை புதிதும் அல்ல. 1994இல் உம்பர்த்தோ எக்கோ ஒரு இத்தாலியப் பத்திரிகையில் எழுதிய பத்தியில், மேக்கின்டாஷ் கத்தோலிக்கம், டாஸ் புராட்டஸ்டன்ட் என்றார். மேக் தன் விசுவாசிகளைப் படிப்படியாகக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது, டாஸ் ஒவ்வொருவரும் சொந்தமாக வியாக்கியானம் செய்துகொள்ளச் சொல்கிறது என்பது அவருடைய கிண்டல். அவருக்கு அது கிண்டல் என்று தெரியும். நமக்குத்தான் அது ஆராய்ச்சியாகிவிட்டது. 2011இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் ஓர் ஆப்பிள் ரசிகரின் மூளையை ஸ்கேன் செய்து, மத உருவங்களைப் பார்க்கும்போது விசுவாசிகளின் மூளையில் வேலை செய்கிற பகுதிகளே இவருக்கும் வேலை செய்கின்றன என்றார்கள். பிரியமான எதைப் பார்த்தாலும் மூளையில் ஏதோ ஒன்று வேலை செய்யத்தான் செய்யும். இருட்டுக்கடை வரிசையில் நிற்கிற ஒருவரைப் பிடித்து ஸ்கேன் செய்துவிட்டு 'அல்வா ஒரு மதம்' என்று யாராவது அறிக்கை விட்டால் நாம் ஒத்துக்கொள்வோமா?

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் மேல் வருகிற பிரியம் வேறு, பிராண்டின் மேல் வருகிற பிரியம் வேறு. திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது வீடியோ கேம் என்றால் 'டிவி கேம்'. டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகி, மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு கேசட்டை மாட்டினால் மரியோ ஓடுவார், கான்ட்ராவில் ரெண்டு பேர் சுட்டுக்கொண்டே போவார்கள். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற பெட்டியின் நகல் அது. செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நிண்டெண்டோ என்ற பெயரே பலருக்குத் தெரியாது. கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் அதே பத்துப் பதினைந்து ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லை என்றால் வெளியே எடுத்து ஊதி மாட்டுவோம். பக்கத்து வீட்டுக்கு இரவல் போகும். ஒருவன் வீட்டு கேசட் தெரு முழுக்கச் சுற்றி, மேல் ஒட்டியிருந்த படம் கிழிந்து திரும்பி வரும்.

அந்தப் பிரியத்துக்குப் பிராண்டு தேவைப்படவில்லை. பிராண்டு விசுவாசம் என்பதை ஒருவர் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேகா கம்பெனி, நிண்டெண்டோவின் பெயரைச் சொல்லியே நக்கலடித்து விளம்பரம் செய்தது. சானிக்கா மரியோவா என்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கட்சி பிரிந்தார்கள். 2001 ஜனவரியில் சேகா இனிமேல் கன்சோல் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சானிக் ஆட்டம் நிண்டெண்டோ பெட்டியிலேயே வந்துவிட்டது. 2007இல் மரியோவும் சானிக்கும் ஒரே ஆட்டத்தில் ஒலிம்பிக் ஓடினார்கள். பத்து வருஷம் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவனுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அதே கதை எக்ஸ்பாக்ஸில் நடக்கிறது. ஹேலோவும் கியர்ஸ் ஆஃப் வாரும் எங்களிடம் மட்டும்தான் என்று சொல்லியே மைக்ரோசாஃப்ட் பெட்டி விற்றது. 2025 ஆகஸ்டில் கியர்ஸ் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அக்டோபரில் ஹேலோவும் வருகிறது என்று அறிவித்தார்கள். ஆட்டம் எல்லோருக்கும் போவது நல்லதுதான். ஆனால் இருபது வருஷமாக எக்ஸ்பாக்ஸுக்காக வாதாடியவன் இன்று என்னவாக நிற்கிறான்? கட்சி மாறிய தலைவருக்கு இன்னும் பழைய கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொண்டனாக நிற்கிறான்.

*

நம் ஊர்ச் சண்டைக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். தாமிரபரணிக் கரையில் எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்? இங்கே சண்டை கன்சோலில் நடக்கவில்லை, போனில் நடந்தது. ஒரு பக்கம் பப்ஜி மொபைல், மறு பக்கம் ஃப்ரீ ஃபயர். ரெண்டும் ஆகாயத்திலிருந்து குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசி ஆளாக நிற்கிற ஆட்டம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ஃப்ரீ ஃபயர் ரேம் குறைந்த, விலை குறைந்த போனிலும் ஓடும். பப்ஜி ஒழுங்காக ஓட நல்ல போன் வேண்டும்.

அந்த நாட்களில் ஓடிய மீம்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பப்ஜி ஆடுகிறவன் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவனை எப்படித் திட்டினான்? "ஏல, ஒன் டப்பா போன்ல இதான் ஓடும்." பேசியது ஆட்டத்தின் தரத்தைப் பற்றி இல்லை. அப்பா வாங்கிக்கொடுத்த போனின் விலையைப் பற்றி. மூன்றாவது ஆள் இதைப் பார்த்துத்தான் 'மதம் மாதிரி' என்றார். இதற்கு மதம் என்று பெயர் வைக்கத் தேவையில்லை அண்ணாச்சி. ஒருவன் கையில் இருப்பதை வைத்து அவன் யார், அவனை எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்கிற பழக்கத்துக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. போனுக்கும் கயிற்றுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது, ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்புமை வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிட்டு ஏன் கோயிலுக்குப் போக வேண்டும்?

சண்டையின் முடிவையும் பார்த்துவிடலாம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அதில் பப்ஜி மொபைல் ஒன்று. ஃப்ரீ ஃபயர் தரப்பு கொண்டாடியது. 2022 பிப்ரவரி 14 அன்று 54 செயலிகள், அதில் ஃப்ரீ ஃபயர். இப்போது மறு தரப்பு கொண்டாடியது. பப்ஜிக்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலை 28 அன்று கடைகளிலிருந்து காணாமல் போனது, மறுபடி கொண்டாட்டம் கை மாறியது. தடை எல்லாம் ஒரே சட்டப் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ. ரெண்டு தரப்பிலும் பொருளை இழந்தவன் ஆட்டக்காரன்தான். பக்கத்து வீட்டுக்காரனின் வாடகை வீடு இடிபடுகிறதைப் பார்த்துக் கைதட்டியவனும் அதே ஓனரிடம்தான் குடியிருந்தான்.

*

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். எங்கள் தொழிலில் 'விசுவாசம்' என்ற சொல் புழங்குவதில்லை. 'ரிட்டென்ஷன்' என்பார்கள். இன்று செயலியைப் போட்ட நூறு பேரில் நாளைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர். அது ஒரு வரைபடத்தில் கோடாக ஓடும். கோடு இறங்கினால் மீட்டிங். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசுப் பெட்டி, ஒரு நாள் தவறினால் ஆரம்பத்திலிருந்து எண்ணிக்கை. சீசன் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது என்று ஒரு அறிவிப்பு. நண்பர்கள் பட்டியல் அந்த ஆட்டத்துக்குள் மட்டும்தான் இருக்கும், வெளியே எடுத்துப்போக முடியாது. காசு கொடுத்து வாங்கிய உடையும் துப்பாக்கிப் பூச்சும் வேறு எங்கும் செல்லாது. இத்தனையையும் கட்டிவைத்துவிட்டு, ஒருவன் வெளியேறாமல் இருப்பதை 'பக்தி' என்று வர்ணித்தால் என்ன அர்த்தம்? கதவை வெளிப்பக்கம் தாழ்போட்டுவிட்டு, உள்ளே இருப்பவன் வீட்டின் மேல் எவ்வளவு பாசமாக இருக்கிறான் பார் என்பதுபோல் இருக்கிறது.

இனி பக்திக்கு வருவோம். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்த பக்தி, கேள்வி கேட்காமல் விழுந்து கும்பிடுவது. தாமிரபரணிப் பக்கம் குலதெய்வம் கும்பிடுகிறவர்களை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இங்கே சாமியோடு இருக்கும் உறவு முதலில் ஒரு ஒப்பந்தம். நேர்ந்துகொள்வது என்றால், 'நீ இதச் செஞ்சா நான் அதச் செய்யுதேன்' என்பது. ரெண்டு பக்கமும் கடன் உண்டு. சாமி செய்யவில்லை என்றால் ஆச்சி நடையில் நின்றே கேட்பாள்: "கண்ணு இருக்கா ஒனக்கு? கல்லாத்தான் நிக்கியா?" யாரும் ஆச்சியைத் தள்ளிவைக்க மாட்டார்கள். சுடலைமாடன் கொடையில் கோமரத்தாடி ஆடி நிற்கும்போது குடும்பத்தில் ஒருத்தர் முன்னால் வந்து, போன வருஷம் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கேட்பார். சாமி பதில் சொல்லியாக வேண்டும். கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள், முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள், பந்தல்காரருக்குக் கொடுத்ததில் நூறு ரூபாய் இடித்தால் விடிய விடியச் சண்டை நடக்கும்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயர் சந்நிதி இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கு அவர் யார் என்று தெரியும்: பிராமணராகப் பிறந்து, சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, தோல் வேலை செய்து, மாட்டுக்குக் காவல் நின்று செத்தவர். அவருக்குக் காணிக்கை செருப்பு. புதுச் செருப்பைக் கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் வந்து, அது தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேய்ந்திருந்தால் பட்டவராயர் ராத்திரி எல்லாம் நடந்து காவல் காத்திருக்கிறார் என்று அர்த்தம். என் தொழிலில் இதற்கு 'லாக்' பார்ப்பது என்று பெயர். சாமி வேலைக்கு வந்தாரா என்று பக்தன் சரிபார்க்கிறான். எந்த கேம் கம்பெனியின் செருப்பை நாம் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போகிற குடும்பம், குலதெய்வம் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போகும். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துப் பீடம் போட்டால் சாமி அங்கேயும் இருக்கிறார். இதற்குப் பிடிமண் என்று பெயர். சுடலைமாடன் இத்தனை ஊர்களில் நிற்பது பிடிமண்ணால்தான். மூலக் கோயில்காரன் கோபித்துக்கொண்டு சாமியை அணைத்துவிட முடியாது. பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் சாஸ்தா கோயிலுக்கு வண்டி பிடித்து வருகிறவர்கள், வருவதும் வராததும் தங்கள் இஷ்டம் என்று தெரிந்தேதான் வருகிறார்கள்.

*

சரி, அது நாட்டார் தெய்வம். அமைப்பும் பணமும் தலைமையகமும் உள்ள மதம் எப்படி? அதற்கும் எங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது.

மென்பொருள் கம்பெனிகளில் 'எவாஞ்சலிஸ்ட்' என்று ஒரு பதவி உண்டு. எண்பதுகளில் ஆப்பிள் கம்பெனி மேக்கின்டாஷுக்காகப் பிரபலமாக்கியது. சுவிசேஷகர் என்று அர்த்தம். கம்பெனியின் பொருளைப் பற்றி ஊர் ஊராகப் போய் நல்ல செய்தி சொல்வது வேலை. பாளையங்கோட்டைக்காரனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். ஜெர்மானியரான ரேனியஸ், சர்ச் மிஷனரி சொசைட்டியின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். தமிழ் பைபிளைத் திருத்தி மொழிபெயர்த்தார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார், 1832இல் பூமி சாஸ்திரம் என்று ஒரு பாடநூல் எழுதினார். இங்கிலாந்து திருச்சபையின் நடைமுறைகளைக் கண்டித்து அச்சிலேயே எழுதினார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. அவர் ஊரை விட்டுப் போனார். இங்கே இருந்த உபதேசியார்கள் பலர் அவரைத் திரும்பி வரச் சொன்னார்கள். வந்தார். 1838இல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். சம்பளம் கொடுத்த அமைப்பை அச்சில் விமர்சித்தவர் ஒரு பக்கம், லண்டன் நீக்கிய ஆளை எங்களுக்கு வேண்டும் என்று கேட்ட உள்ளூர் சபைகள் மறு பக்கம். இன்றைய கம்பெனி எவாஞ்சலிஸ்ட் ஒருவர் தன் கம்பெனியைப் பற்றி ஒரு வரி அப்படி எழுதட்டும், மறுநாள் அவர் அடையாள அட்டை கதவைத் திறக்காது. ரசிகர்களோ கம்பெனிக்கு வலிக்கப்போகிறதே என்று எழுதியவரைத் திட்டுவார்கள்.

இன்னொரு கதை, நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனில் வேலை பார்த்தவர். மிஷனரிகளோடு மோதல். கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகம் கோபத்தைக் கூட்டியது. 1857இல் அவர் வெளியேறி, வெளிநாட்டு மிஷனரிகளின் கட்டுப்பாடு இல்லாத தனிச் சபை தொடங்கினார். ஓய்வு நாள் சனிக்கிழமை. வேதம் அதே வேதம். எங்கள் தொழிலில் இதை 'ஃபோர்க்' என்போம்: மூலத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து போய் நம் வழியில் வளர்ப்பது. சட்டாம்பிள்ளையால் ஃபோர்க் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. வேதம் அவர் கையில் இருந்தது. அதை அவர் வாசிக்கலாம், வியாக்கியானம் செய்யலாம், எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். யாரும் தூரத்தில் ஒரு பொத்தானை அமுக்கிப் பக்கங்களை வெள்ளையாக்க முடியாது.

விளையாட்டில் அது முடியும். தி க்ரூ என்ற கார் ஓட்டும் ஆட்டத்தை யுபிசாஃப்ட் 2014இல் வெளியிட்டது. தனியாக ஆடுவதற்குக்கூட கம்பெனியின் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். பப்ஜி மொபைலும் இதே மாதிரிதான். தடை வந்தது செப்டம்பரில், போனில் ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் தொடர்ந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2020 அக்டோபர் 30 அன்று டென்சென்ட் இந்தியாவுக்கான சேவையை நிறுத்தியது, அன்றோடு முடிந்தது. பிறகு பிஜிஎம்ஐ வந்தபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கெடு வைத்து அனுமதித்தார்கள். அது கம்பெனி பார்த்துக் கொடுத்தது. கேட்டு வாங்கும் உரிமை எவனுக்கும் இல்லை. 'ஒத்துக்கொள்கிறேன்' என்று நாம் அமுக்கிய அந்த நீளமான பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும்: உனக்கு எதுவும் சொந்தம் இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டும், அதையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வோம். குத்தகைக்காரனுக்குக்கூட இதைவிட நல்ல பத்திரம் எழுதிக்கொடுப்பார்கள்.

*

ஒரு பதில் வரும் என்று தெரியும். 'கோயில் என்ன ஒழுங்கா? எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவைத்தது?' நியாயமான கேள்வி, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. 1897இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். 1939இல்தான் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. இன்றைக்கும் வாசலில் நிறுத்துகிற ஊர்க் கோயில்கள் உண்டு. கொடை வரியை ஒரு தெருவிடம் வாங்காமல் விடுவதே அந்தத் தெருவை ஒதுக்குவதற்கான வழியாகவும் இருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றைக் கவனியுங்கள். அடைத்த கதவின் முன்னால் நின்று 'இது எங்களுக்கும் பாத்தியப்பட்டது' என்று சொல்ல முடிந்தது. வழக்குப் போட முடிந்தது, தோற்க முடிந்தது, தோற்ற பிறகும் முப்பது வருஷம் போராடிச் சட்டத்தை மாற்ற முடிந்தது. முடியாது என்று தெரிந்தவர்கள் வேறு கோயில் கட்டினார்கள், வேறு சாமியிடம் போனார்கள், சாமியே வேண்டாம் என்றும் போனார்கள். மதத்தின் கொடுமைக்கு எதிரான போராட்டம் மதத்தின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. பிராண்டு ரசிகனிடம் மதத்தின் சண்டைக் குணம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, இந்தப் பாத்தியதைக் கோரிக்கை வந்து சேரவில்லை. மூன்றாவது ஆள் ரெண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் கோபம் அதுதான். பக்தன் கேட்கிற கேள்விகளை ரசிகன் கேட்பதே இல்லை.

கேட்டால் நடக்கிறது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டத்தைக் கணினியில் ஆடுகிறவர்கள் கட்டாயம் பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்க வேண்டும் என்று சோனி சொன்னது. பல நாடுகளில் அந்தக் கணக்கே தொடங்க முடியாது. ஆட்டத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் ஸ்டீம் கடையில் போய் 2 லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனம் எழுதினார்கள். சில நாட்களில் சோனி பின்வாங்கியது. ஆச்சி நடையில் நின்று திட்டியது வேலை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிமண்ணுக்கும் உதாரணம் உண்டு. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆட்டத்தை என்சிசாஃப்ட் 2012 நவம்பரில் மூடியது. ஆட்டக்காரர்கள் சிலர் ரகசியமாகத் தங்கள் சொந்த சர்வரில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். பிறகு அது வெளியே தெரிந்து, பெரிதாகி, 2024 ஜனவரியில் கம்பெனியே அந்த ரசிகர்களின் சர்வருக்கு முறையான உரிமம் கொடுத்தது. தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் எதுவும் இல்லை. கம்பெனி கொடுக்க மாட்டேன் என்பதுதான் பிரச்சினை.

*

அதனால் நான் யாரையும் ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. நானும் விடப்போவதில்லை. சண்டை போடும் திசையை மாற்றச் சொல்கிறேன்.

தி க்ரூ மூடப்பட்டதை ஒட்டி 2024இல் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை: ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவன் தொடர்ந்து ஆடும் நிலையில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போ. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, வெறும் அனுமதியை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்கக் கூடாது, அது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே கோடிக்கணக்கான போன்களில் ஆட்டம் ஓடுகிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கூட்டம் இன்னும் சேரவில்லை. சேர வேண்டிய ஆட்கள் பிளேஸ்டேஷன் நீலத்துக்கும் எக்ஸ்பாக்ஸ் பச்சைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சோனி ஆள் என்றால் முதலில் சோனியிடம் கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஆள் என்றால் மைக்ரோசாஃப்டிடம். பிஜிஎம்ஐ ஆடுகிறவர் என்றால் கிராஃப்டனிடம், ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர் என்றால் கரீனாவிடம். சர்வரை நிறுத்தினால் என் காசுக்கு என்ன கணக்கு? நான் வாங்கியதை என் தம்பிக்குக் கொடுக்க முடியுமா? நீ கடையைக் கட்டிவிட்டுப் போனால் நாங்கள் சொந்தமாக ஓட்டிக்கொள்ள வழி விடுவாயா? எதிர்த்தரப்பு கம்பெனியைத் திட்டுவதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, அங்கே நம் காசும் இல்லை, நம் கணக்கும் இல்லை. இனி வாங்கும் எந்த ஆட்டத்துக்கும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இணையம் இல்லாமல் ஓடுவதை, நம் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ள விடுவதைத் தேடி வாங்குங்கள். அந்த ஆரஞ்சு நிறக் கேசட்டை இன்றைக்கும் ஊதி மாட்டினால் ஓடும். அதை ஓட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மூன்றாவது ஆள் மறுபடியும் வருவார். 'இதெல்லாம் ஒரு மதம் மாதிரி' என்பார். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி அண்ணாச்சி, இந்தச் சாமி பிடிமண் தருவாரா?"